கீசர் குமிழை ஃபுல்லில் வைப்பவர்களுக்கும் 40-ல் வைப்பவர்களுக்கும்

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் கீசர் இருப்பவர்கள் படித்தால் போதும். கைக்குழந்தையோ எழுபது தாண்டிய பெரியவரோ இருக்கும் வீடு என்றால் கட்டாயம் படியுங்கள்.

மழை தொடங்கியதும் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். ஒரு கட்சி, "கீசரை ஃபுல்லில் வையுங்கள், சீக்கிரம் சூடாகும்" என்கும். இன்னொரு கட்சி, "40-ல் வையுங்கள், கரண்ட் பில் பாதியாகும்" என்கும். இரண்டுமே தவறு. முப்பது வருடத்துக்கு மேல் பள்ளியில் வெப்பம் பாடம் நடத்தியவன், இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீசர் தொட்டியில் இருக்கும் தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டக் கூடாது. 50-க்குக் கீழேயும் போகக் கூடாது. இதைப் பார்த்து வைத்துத் தரவேண்டியது கீசரைச் செய்து விற்பவரும் சுவரில் மாட்டுபவரும்தான். வாங்கியவர் தலையில் கட்டிவிட்டு அவர்கள் ஒதுங்கிக்கொள்வதுதான் என் கோபம்.

முதலில் ஃபுல் கட்சி. கீசருக்குள் இருக்கும் சூடேற்றும் கம்பி பெரும்பாலும் 2000 வாட். குமிழை எங்கே திருகினாலும் அது அதே 2000 வாட்டில்தான் வேலை செய்யும். எப்போது நிறுத்த வேண்டும் என்பதை மட்டுமே குமிழ் சொல்கிறது. சென்னையில் ஏறிய பஸ் திருச்சிக்குப் போனாலும் மதுரைக்குப் போனாலும் செங்கல்பட்டு வந்துசேரும் நேரம் ஒன்றுதான். 27 டிகிரி தண்ணீர் 40-ஐத் தொட ஆகும் நேரமும் அப்படித்தான். 15 லிட்டர் தொட்டி 60-க்கு வர சுமார் 17 நிமிடம் ஆகும், 75-க்கு வர சுமார் 25 நிமிடம் ஆகும். ஃபுல்லில் வைத்தவர் கூடுதலாக எட்டு நிமிடம் மின்சாரம் செலவழிக்கிறார், அவ்வளவுதான்.

"ஆனால் ஃபுல்லில் வைத்தால் அதிக வாளி கிடைக்கிறதே சார்" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 15 லிட்டர் தண்ணீரை 60-ல் எடுத்துப் பச்சைத்தண்ணீரோடு கலந்தால், 40 டிகிரியில் சுமார் 38 லிட்டர் வரும். கிட்டத்தட்ட இரண்டு வாளி. 75-ல் எடுத்தால் 55 லிட்டர் வரும். உண்மைதான். நாலு பேர் வரிசையாகக் குளிக்கும் வீட்டுக்கு 15 லிட்டர் தொட்டி சின்னது என்பதுதான் இதன் பொருள். 25 லிட்டர் வாங்குங்கள், அல்லது இரண்டு பேர் குளித்தபின் கால் மணி நேரம் பொறுங்கள். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்குப் பச்சைத்தண்ணீரே பனி மாதிரி வரும். அங்கே இன்னும் பெரிய தொட்டி வேண்டும். கொதிநிலையை நெருங்கி வைப்பது அங்கும் பதில் ஆகாது.

இப்போது 40 கட்சி. ஒரு 20 லிட்டர் வாளித் தண்ணீரை 27-லிருந்து 40-க்குக் கொண்டுவர 0.3 யூனிட் மின்சாரம் வேண்டும். தொட்டியை 60-ல் வைத்துக் கலந்தாலும், 40-லேயே வைத்துக் கலக்காமல் குளித்தாலும் அந்த 0.3 மாறாது. இயற்கையிடம் தள்ளுபடி கிடையாது. பின் எங்கே மிச்சம்? குளித்தபின் தொட்டியில் மீந்து நிற்கும் சூட்டில்தான். ஒருவர் மட்டும் குளிக்கும் வீட்டில் 15 லிட்டரை 75-க்கு ஏற்ற 0.84 யூனிட் ஆகும். அதில் 0.3 போக மீதி 0.54 தொட்டியில் தங்கும். 60-ல் நிறுத்தினால் மீதி அதில் பாதிதான். இந்த மீதியில் கணிசமான பகுதி மறுநாள் காலைக்குள் தொட்டிச் சுவர் வழியாகக் காற்றில் போய்விடும். இருபத்து நாலு மணி நேரமும் சுவிட்சை அணைக்காத வீட்டில் இந்த இழப்பு நாள் முழுக்க நடக்கும். 75-ஐ 60 ஆக்கினாலே அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். கீசர் மேல் ஒட்டியிருக்கிறதே, மின்சாரச் சிக்கன அமைப்பின் நட்சத்திரம், அது அளப்பதும் இந்த இழப்பைத்தான். ஆக 75-லிருந்து 60-க்கு இறங்குவதில் மிச்சம் உண்டு. பில் பாதியாகும் என்பது கற்பனை.

40-ல் வைப்பதில் வேறு ஓர் ஆபத்தும் இருக்கிறது. 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர்கள் மாநாடு ஒன்று ஓட்டலில் நடந்தது. வந்தவர்களில் பலர் நிமோனியா போன்ற காய்ச்சலில் விழுந்தார்கள், இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த வருடம்தான் காரணமான பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு லெஜியோனெல்லா என்று பெயர். அது வெதுவெதுப்பான தேங்கிய நீரில், சுமார் 20 முதல் 45 டிகிரி வரை நன்றாக வளரும். குடிப்பதைவிட, ஷவரிலிருந்து எழும் நுண்ணிய துளிகளை மூச்சில் இழுப்பதால்தான் நோய் வரும். 60 டிகிரியில் அது நிமிடங்களில் செத்துப்போகும். அதனால்தான் வெந்நீரை 60-ல் சேமிக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 40-ல் மாதக்கணக்கில் கிடக்கும் தொட்டி அந்தக் கிருமிக்கு நாமே கட்டிக் கொடுத்த வீடு.

சரி, 60-க்கு மேலே ஏன் வேண்டாம்? இதுதான் இந்தப் பதிவின் உயிர்நாடி.

1947-இல் ஹார்வர்டைச் சேர்ந்த மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இருவர் எத்தனை டிகிரியில் எத்தனை நேரத்தில் தோல் வேகும் என்று அளந்தார்கள். 49 டிகிரியில் ஆழமான புண் உண்டாகச் சுமார் ஒன்பது நிமிடம் ஆகும். 60 டிகிரியில் ஐந்து விநாடி. 70-ஐத் தொட்டால் ஒரு விநாடி போதும். இது பெரியவர்களின் தோலுக்கு. குழந்தையின் தோல் மெல்லியது, அதற்கும் முன்பே வெந்துவிடும். சூடு என்று உணர்ந்து, கையை இழுத்து, குழாயை மூட ஒரு பெரியவருக்கே இரண்டு மூன்று விநாடி ஆகும். இரண்டு வயதுக் குழந்தைக்கு இழுக்கவே தெரியாது, நின்று அலறும். 75-ல் வைத்த கீசரில் தப்பிக்க நேரமே இல்லை.

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். கால் திருப்பில் திறக்கும் குழாய், குழந்தையின் கை எட்டும் உயரத்தில் இருக்கிறது. அதன் கீழே வாளி. அதில் முதலில் வெந்நீரைப் பிடித்து வைத்துவிட்டு, பச்சைத்தண்ணீர் விடுவதற்குள் போன் அடிக்கிறது என்று வெளியே போகிறோம். இன்னொரு பக்கம் இருபது வருடமாகச் சர்க்கரை உள்ள தாத்தா. பாதம் மரத்துப்போயிருக்கிறது. கால்வலிக்கு இதமாக இருக்கும் என்று வெந்நீரில் காலை வைக்கிறார். வெந்தது அவருக்குத் தெரியாது. மறுநாள் கொப்புளம், பிறகு ஆறாத புண். சர்க்கரைக்காரர் காலில் ஆறாத புண் எங்கே கொண்டுபோய் விடும் என்று நம் குடும்பங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் "ஜாக்கிரதையாக இருக்க வேண்டியதுதானே" என்று பதில் சொல்பவர்கள்மேல்தான் எனக்கு ஆத்திரம். ஜாக்கிரதை என்பது தினமும் காலை ஆறு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், ஒரு நாள்கூடத் தவறாமல் செய்ய வேண்டிய வேலை. குமிழைச் சரியான இடத்தில் வைப்பது ஒரு தடவை செய்யும் வேலை.

அந்த ஒரு தடவை நடக்கிறதா? கீசர் மாட்ட வருபவர் பெட்டியைப் பிரித்து, சுவரில் மாட்டி, குமிழைக் கடைசிவரை திருகிவிட்டு, "ஃபுல்ல வச்சிருக்கேன் சார், கம்ப்ளெயின்ட் வராது" என்று சொல்லிவிட்டுப் போகிறார். நான் போய்ப் பார்த்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் இதுதான் கதை. அவர்மேல் தவறில்லை, அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. விளக்கப் புத்தகம் வாரன்ட்டி அட்டையோடு பரணுக்குப் போய்விடுகிறது. பல குமிழ்களில் எண்ணே இருப்பதில்லை, சில புள்ளிகளும் ஒரு சிவப்புக் கோடும்தான். சிலவற்றில் குமிழே மூடிக்குள் ஒளிந்திருக்கிறது. லட்சக்கணக்கில் விற்கும் ஒரு பொருளில் டிகிரி எண்ணை அச்சடிக்க என்ன செலவாகிவிடும்?

வேறு இடங்களில் இதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1977-இல் வீடுகளில் அளந்தபோது குழாய் வெந்நீரின் சராசரி 61 டிகிரி இருந்தது. புது ஹீட்டர்களை 49 டிகிரியில் வைத்துத்தான் விற்க வேண்டும் என்று 1983-இல் சட்டம் வந்தது. ஐந்து வருடம் கழித்து அளந்தார்கள். சராசரி 50-க்கு இறங்கியிருந்தது. 54-க்குக் கீழே இருந்த வீடுகள் 20 சதவீதத்திலிருந்து 77 சதவீதமாக உயர்ந்திருந்தன. வெந்நீர்க் காயங்களும் குறைந்தன. வாங்கியபின் குமிழைக் கூட்டியவர்கள் வெகு சிலரே. எது வைத்துத் தரப்படுகிறதோ அதுவே தங்கிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இங்கிலாந்தில் 2010 முதல் புதுவீடுகளின் குளியல் தொட்டிக் குழாயில் 48 டிகிரிக்கு மேல் வரக்கூடாது என்று கட்டட விதியே இருக்கிறது. தொட்டியில் கிருமி சாக 60, குழாயில் தோல் வேகாமல் 48. இடையில் தானே கலந்து தரும் வால்வு ஒன்று.

நம் ஊர் கீசர்களுக்கும் ஐ.எஸ். 2082 என்ற தரம் இருக்கிறது. வெப்பம் எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி, அழுத்தம் மீறினால் திறக்கும் வால்வு எல்லாம் வைக்கிறார்கள். அவை தொட்டி வெடிக்காமல் காப்பவை, தேவையானவை. வாளியடியில் நிற்கும் குழந்தையை அவை காக்காது. எனவே நான் கேட்பது மூன்றே விஷயம். கீசர் 60-ல் வைக்கப்பட்டு விற்பனைக்கு வரட்டும். குமிழில் டிகிரி எண் அச்சாகட்டும். கோடிக்கணக்கில் விலை சொல்லும் அடுக்குமாடிக் கட்டுநர்கள் குளியலறைக்கு அந்தக் கலவை வால்வையும் சேர்த்துப் போடட்டும்.

அதுவரை நாம் செய்ய வேண்டியது:

1. கீசர் விளக்கு அணைந்ததும் குழாயைத் திறந்து அரை நிமிடம் ஓடவிட்டு, ஒரு சொம்பில் பிடித்துச் சமையல் தெர்மாமீட்டரால் அளவுங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. குமிழைக் குறைத்து, மறுபடி சூடாக்கி, மறுபடி அளவுங்கள். குமிழ் மூடிக்குள் இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், நீங்களே கழற்ற வேண்டாம்.

2. பொதுவாக 60. சின்னக் குழந்தையோ மரத்த பாதமோ உள்ள வீட்டில் 50 வைத்து, வாரம் ஒருமுறை யாரும் குளிக்காத நேரத்தில் 60-க்கு ஏற்றி அரை மணி விடுங்கள்.

3. வாளியில் எப்போதும் பச்சைத்தண்ணீர் முதலில், வெந்நீர் பிறகு. முழங்கையால் தொட்டுப் பார்த்தபின் குழந்தை. சர்க்கரைக்காரர் பாதத்தால் சோதிக்கவே கூடாது.

4. மொட்டைமாடியில் சோலார் ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்குத் திருகக் குமிழ் இல்லை. வெயில் காலத்தில் அது 70-ஐத் தாண்டும். கலவை வால்வு உங்களுக்குத்தான் முதலில் தேவை.

5. போர் தண்ணீர் வரும் வீடுகளில் சூடு கூடக் கூட உப்பு வேகமாகப் படியும், கம்பி சீக்கிரம் கெடும். 60-ல் நிறுத்தினால் கீசரும் கூடுதல் நாள் உழைக்கும்.

6. மீறி வெந்துவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், தோசை மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். பிறகு ஆஸ்பத்திரி.

பின்னூட்டத்தில் "எங்கள் வீட்டில் இருபது வருடமாக ஃபுல்லில்தான் இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை" என்று எழுத வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹெல்மெட் போடாதவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். எழுதுவதற்கு முன் எழுந்துபோய் உங்கள் கீசர் குமிழ் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு, அந்த எண்ணை மட்டும் இங்கே போடுங்கள். எண்ணே இல்லை என்றால் அதையும் எழுதுங்கள்.