இலை கொட்டுகிற மாதத்தில் எடுத்த படம்



மளிகைக் கடைக்காரர் கொடுத்த நாள்காட்டி உங்கள் வீட்டுச் சுவரில் தொங்குமல்லவா? அதில் அக்டோபர் மாதத்தைத் திருப்பிப் பாருங்கள். ஜப்பானிலோ கனடாவிலோ சிவந்து நிற்கும் மேப்பிள் மரங்கள் இருக்கும். அந்த நாட்டுக் கவிஞர்கள் உதிரும் இலையைப் பார்த்து முதுமையையும் பிரிவையும் பாடினார்கள். புகைப்படக்காரர்கள் ஆண்டுதோறும் அதைத் தேடிப் போகிறார்கள். நமக்கோ அக்டோபரில் கொடியில் போட்ட துணி காய்வதே பெரும்பாடு.

நம் முன்னோர் ஐப்பசி, கார்த்திகை மாதங்களைக் கூதிர் என்றார்கள். நக்கீரர் பாடிய நெடுநல்வாடை அந்தக் காலத்துப் பாட்டு. ஓயாத மழை, வாடைக் காற்று. மாடு மேய்ப்பவர்கள் நெருப்பில் கை காய்ச்சுகிறார்கள். அரண்மனையில் தலைவி உறக்கமின்றித் தவிக்கிறாள். போர்ப் பாசறையில் அரசனும் உறங்கவில்லை. புண்பட்ட வீரர்களைப் பார்க்க நள்ளிரவில் நடக்கிறான். தமிழனை நினைவில் ஆழ்த்தியது மழையும் குளிரும்தான், இலை அல்ல.

அப்படியானால் இலையுதிர் காலம் நமக்கு இல்லையா? பால் மரம் வெட்டியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்!

1877-ல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர்க் கன்றுகளில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. பிரேசில் காட்டு மரம் அது. ஆனாலும் வறட்சி வந்தால் இலையை உதிர்க்கும் குணத்தை இங்கும் விடவில்லை. நம் வட மாநிலங்களில் பொங்கல் முடிந்து, தைப்பூசக் காவடி இறங்கும் நாட்களில் இலை மஞ்சளாகிச் சிவந்து கொட்டத் தொடங்கும். சில வாரங்கள் மரம் மொட்டையாக நிற்கும். பிறகு செம்பு நிறத்தில் தளிர் வரும். பார்க்க அழகுதான். ஆனால் மரம் தன் சேமிப்பையெல்லாம் தளிருக்குக் கொடுத்துவிடுவதால் மங்கில் பால் விழாது. பால் குறைந்தால் சம்பளம் குறையும். தளிரில் சாம்பல் பூத்தாற்போல் நோய் விழுந்தாலோ, வந்த இலையும் கொட்டிவிடும். கடைக் கணக்குப் புத்தகம் மட்டும் தடித்துக்கொண்டே போகும். நாள்காட்டி மரத்தைப் பார்த்து, "இங்கே சம்பளம் எப்படி?" என்று என் அம்மா கேட்டது வேடிக்கைக்காக அல்ல.

ஆனால் ஒன்று. படம் பிடிப்பதற்கு அதைவிட நல்ல மாதம் தோட்டத்தில் கிடையாது. மற்ற நாட்களில் நிரைக்குள் ஒரே இருட்டு. சாதாரணக் கேமராவில் முகம் விழாது. இலை கொட்டிவிட்டால் வெளிச்சம் தரைவரை இறங்கும். எங்கள் வீட்டுப் பெட்டியில் அப்படி ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. கணுக்கால் மூடச் சருகு. அதில் மூன்று பெண்கள், தலைத்துணியோடு. நடுவில் என் அம்மா, இடப்பக்கம் பெரியம்மா. வலப்பக்கம் நிற்பவர் யார்? பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது.

வெள்ளைக்காரர் காலத்துப் படங்களிலும் இதே கதைதான். மேடானில் ஸ்டூடியோ வைத்திருந்த கிளைன்குரோத்தே என்ற ஜெர்மானியர் 1900-களில் மலாயாவுக்கு வந்து அழகழகாகப் படம் பிடித்தார். அந்தக் காலத்துப் படங்களில் தோட்டத்தின் பெயர் இருக்கும், தொழிலாளியின் பெயர் இருக்காது. அவர்கள் எழுதவில்லை, சரி. நாமும் அல்லவா எழுதாமல் விட்டோம்!

எங்கள் பத்து காவானை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் கரும்பு, அப்புறம் ரப்பரும் தென்னையும், அப்புறம் செம்பனை. செம்பனை பால் மரம்போல் மொட்டையாவதில்லை. ஓலையை நாம்தான் வெட்டித் தள்ள வேண்டும். ரப்பர் போனபோதே எங்கள் ஊரின் இலையுதிர் காலமும் போய்விட்டது. 2014-ல் இரண்டாவது பாலம் திறந்தபிறகு தொழிற்சாலைகளும் அடுக்குமாடிகளும் எழும்பிவிட்டன. நிரை இருந்த இடத்தைப் பேரப்பிள்ளைக்குக் காட்ட ஒரு மரம்கூடக் கிடைப்பது அரிது.

ஆகவே, தாய்மார்களே, இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். பெட்டியில் இருக்கும் படங்களை எடுங்கள். வீட்டில் வயதானவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, யார், எந்தத் தோட்டம், என்ன மாதம் என்று கேளுங்கள். பின்பக்கம் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள்; பேனா மை மறுபக்கம் ஊறும். இன்னும் ரப்பர் நிற்கும் தோட்டத்தில் இருப்பவர்கள், இலை கொட்டும்போது காலை வெயிலில் கைப்பேசியிலேயே எடுக்கலாம். வானத்தின் வெளுப்பில் முகம் கறுத்துவிடும். திரையில் முகத்தின்மேல் விரலை வைத்துவிட்டு எடுங்கள்.

போன தைப்பூசத்துக்கு வந்த பெரியம்மாவிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"இது நமக்கு அடுத்த நிரைக்காரி. உன்னைப் பெத்த அன்னிக்கு உங்கம்மா மரத்தையும் சேர்த்து வெட்டினவ. பேரு... வாயிலேயே நிக்குது, வரமாட்டேங்குது."

மறுநாள் பஸ் ஏறும்வரை யோசித்துக்கொண்டே இருந்தார். நான் பென்சிலால் இரண்டு பெயரை எழுதி, மூன்றாவதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.