முகமூடி வீரரின் முதல் வழக்குகள்

சித்திரக்கதை என்றதும் கற்றோர் அவையில் இருவகைக் குரல்கள் எழுகின்றன. அது நசிவிலக்கியம், சிறுவரின் பொழுதைக் கொல்லும் மேலைத்தேயச் சரக்கு என்பது ஒன்று. பழைய இதழைப் பளபளக்கும் உறையிலிட்டு, அதன் இன்றைய விலையைச் சொல்லிப் பூரிப்பது மற்றொன்று. முன்னவர் படிக்காமலே பழிக்கின்றனர். பின்னவர் படிக்காமலே போற்றுகின்றனர். அதீத ஆற்றல் படைத்த துப்பறியும் வீரரின் முதற் கதைகளில் குற்றவாளியாக நிறுத்தப்பட்டவன் யார் என்னும் வினாவை இரு சாராரும் எழுப்புவதில்லை. மலைச்சரிவின் கீழ் லயங்களில் வாழும் சமூகத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்தோர்க்கு அவ்வினா வெறும் பொழுதுபோக்கன்று.

ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இரு இளைஞர் படைத்த சூப்பர்மேன், 1938 ஜூன் எனத் திகதியிடப்பட்ட 'ஆக்சன் காமிக்ஸ்' முதலாம் இதழில் தோன்றினான். பொருளாதாரப் பெருமந்தத்தின் நிழல் அமெரிக்காவை விட்டு நீங்காத காலம் அது. பறப்பதும் பாய்வதும் எவ்வாறாயினும், அவன் தொழிலால் செய்தியாளன். மறைக்கப்பட்டதைத் துலக்குவதே அவன் வேலை. முதலாம் இதழில் அரசியல்வாதியை விலைக்கு வாங்கும் தரகனும் இரண்டாம் இதழில் போர்த்தளவாட முதலாளியும் அகப்படுகின்றனர்.

மூன்றாம் இதழின் கதை விரிவாக நோக்கத்தக்கது. சுரங்கமொன்று இடிந்து தொழிலாளியொருவன் உள்ளே சிக்குகிறான். அவனை மீட்டதோடு கதையை முடித்திருக்கலாம். பின்வந்த சித்திரக்கதைகள் அவ்வாறே முடித்திருக்கும். இங்கோ வழக்கு அதன் பின்னரே தொடங்குகிறது. ஊனமுற்ற தொழிலாளி சுரங்கத்தின் பாதுகாப்பின்மையை எடுத்துரைக்க, முதலாளி பிளேக்லியோ தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்கிறான். சுரங்கத் தொழிலாளியாக வேடம் பூண்ட சூப்பர்மேன், விருந்தினரோடு வேடிக்கை பார்க்கச் சுரங்கத்துள் இறங்கிய பிளேக்லியை உள்ளேயே அடைத்துவிடுகிறான். அபாய அறிவிப்புக் கருவி இயங்காது என்பதை முதலாளி தன் உயிருக்காக மன்றாடும் வேளையில்தான் அறிகிறான்.

இக்கதையை மீரியபெத்தவில் வைத்துப் படித்தல் வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தையை அடுத்துள்ள அத்தோட்டத்தின் லயங்கள் மண்சரிவிற் புதையுண்டன. காணாமற்போனோர் தொகை முதலில் நூற்றுக்கணக்கிற் சொல்லப்பட்டுப் பின்னர் பெரிதுங் குறைக்கப்பட்டது. உயிரோடிருந்தபோது எத்தனை பேர் என்பதே தெளிவாயிராத சமூகம் அது. அவ்விடம் அபாயகரமானது, மக்கள் அகற்றப்பட வேண்டும் என 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரித்தும் அவர்கள் போகவில்லை என்ற குரல் அனர்த்தத்தின் பின் கேட்டது. வீடும் தோட்டத்துக்குரியது, நிலமும் தோட்டத்துக்குரியது எனின் தொழிலாளி எங்கே போவது? பிளேக்லி 1938இல் சொன்ன விடையும் ஏறத்தாழ இதுவே.

1939 ஜனவரியில் வந்த எட்டாம் இதழில் சூப்பர்மேன் நகரத்துச் சேரியொன்றை, குடியிருந்தோரை வெளியேற்றிவிட்டு இடித்துத் தள்ளுகிறான். அரசு வேறு வழியின்றி அங்கே புதிய குடியிருப்புகளைக் கட்டுகிறது. இது நகைப்புக்குரிய தீர்வு என்போர், மீரியபெத்தவில் தப்பியோர்க்குப் புதிய வீடுகள் 2016இலேயே கையளிக்கப்பட்டன என்பதையும் சேர்த்து எண்ணுவாராக. அங்கே இடித்தது மலை. இடிபாட்டுக்குள் மக்களும் இருந்தனர்.

1939 மே மாத 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 27ஆம் இதழில் தோன்றிய பேட்மேனின் முதல் வழக்கிலும் கொலைகாரன் இரசாயனக் கம்பனியொன்றின் பங்காளியே. கதைக்கட்டு 'ஷேடோ' என்னும் மலிவுவிலைப் புனைகதை வீரனிடமிருந்து இரவல் பெற்றது. கொலையாளி அமிலத் தொட்டியில் விழுந்து சாவதை வீரன் அமைதியாகப் பார்த்து நிற்பது கொடூரமானது. இவற்றை மறைத்துப் புகழ்வது திறனாய்வாகாது. எனினும் 1940இல் ஜோக்கர் வந்த பின் நிகழ்ந்த மாற்றமே பெரிது. குற்றம் கம்பனியின் கணக்கேட்டிலிருந்து பைத்தியக்காரனின் மூளைக்குக் குடிபெயர்ந்தது. அதன் பின் துப்பறிய வேண்டியது அதிகமில்லை. அடித்து வீழ்த்துவதே எஞ்சியது.

தமிழ் வாசகர்க்குக் கிட்டியது பெரும்பாலும் இப்பிற்கால வீரனே. சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. பிரித்தானிய 'வேலியன்ற்' இதழில் 1962இல் பிறந்த அவ்வீரன் ஆய்வுகூட உதவியாளன். கையிழந்தவன், வேலைத்தலத்து விபத்தினால் மாயமானவன். தொடக்கத்திற் குற்றவாளியாகத் திரிந்து பின்னர் அரசின் இரகசியப் பணியாளனாகிறான். விபத்துக்குப் பொறுப்பாளி யார் என அவன் கேட்கவேயில்லை. அந்த மௌனத்தையும் சேர்த்தே தமிழ் வாசகர் இரசித்தனர்.

தனிமனித வீரன் கூட்டுப் போராட்டத்தை மழுங்கடிப்பான் என்னும் முற்போக்காளரின் மறுப்பு வலுவானது. ரொபின் என்னும் துணைச்சிறுவன் பேட்மேனோடு சேர்ந்த அதே 1940இல், பதுளைப் பகுதியின் வேவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர், சமசமாஜக் கட்சி சார்ந்த சங்கத்தின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் எந்த வானத்து வீரனுக்காகவும் காத்திருக்கவில்லை. ஆயினும் இம்மறுப்பைக் கூறுவோர், 130 டொலருக்குச் சூப்பர்மேனின் உரிமையை விற்ற சீகலும் ஷஸ்டரும், 1974இல் இறந்து 2015இலேயே பேட்மேனின் இணைப்படைப்பாளராக முறையாகக் குறிக்கப்பெற்ற பில் ஃபிங்கரும் கூலிக்கு உழைத்தோரே என்பதை மறந்துவிடுகின்றனர். பிளேக்லியின் கதையை எழுதியவனுக்கு முதலாளி யாரென்று தெரிந்திருந்தது.

மீரியபெத்தவின் வழக்கோ இன்னும் துலக்கப்படாதது. 2005இன் எச்சரிக்கை எந்த மேசைக்குப் போயிற்று, 2011 வரை எந்த அலுமாரியிற் கிடந்தது, எவரெவர் கையொப்பம் அதிலுண்டு என்பவற்றைத் தேடப் பறக்கும் ஆற்றல் வேண்டியதில்லை. கோப்புகளைத் திறக்கும் அதிகாரம் வேண்டும்.