கல்வி வாரியம்: ஓட்டா, நியமனமா?

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் கல்வி வாரிய உறுப்பினர்கள் 10 பேரையும் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1999இல் அந்த வாரியம் 6-4 என்ற கணக்கில், மாநில அறிவியல் பாடத்திட்டத்திலிருந்து பரிணாமக் கொள்கையின் பெரும்பகுதியைத் தூக்கியது. 2000 தேர்தலில் பெரும்பான்மை மாறியது. 2001இல் டார்வின் திரும்பினார். 2005இல் மறுபடியும் 6-4. இந்த முறை பரிணாமத்தைச் சந்தேகிக்கச் சொல்லும் வாசகங்கள் நுழைந்தன. 2006இல் தேர்தல், 2007இல் அவையும் நீக்கம்.

‘இதுக்குத்தான் நிபுணர்களை நியமிக்கணும்’ என்று தோன்றலாம். பல மாநிலங்களில் ஆளுநர்தான் நியமிக்கிறார் (அங்கே ஆளுநரும் ஓட்டில் ஜெயித்து வருபவர்தான்). ஆனால் ஆளுநர் தேர்தலில் வரி, வேலை, மருத்துவம் என எல்லாம் கலந்து வரும். அறிவியல் பாடத்துக்காக மட்டும் யார் ஆளுநரை மாற்றுவார்கள்? கான்சாஸில் முடிவெடுத்தவர்களின் பெயரே ஓட்டுச்சீட்டில் இருந்தது. அந்த வசதியை இழக்கக் கூடாது.

சிக்கல் வேறு இடத்தில். அங்கே கட்சிகளின் வேட்பாளரை முடிவு செய்யும் முதற்கட்டத் தேர்தல் ஆகஸ்டில் நடக்கிறது, கூட்டம் குறைவு. பல தொகுதிகளில் முடிவும் அதோடு தெரிந்துவிடும். 8 ஆண்டுகளில் பாடம் 4 முறை மாறியதற்கு அந்தக் கொஞ்சப் பேரின் பங்கு பெரிது. கட்சி அடையாளம் இல்லாமல், எல்லோரும் ஓட்டுப் போட வரும் நவம்பரில் ஒரே தேர்தலாக வைப்பதுதான் அங்கே செய்ய வேண்டிய திருத்தம்.