பிள்ளைகள் வினவட்டும்!

வரலாற்றுப் படக்கதை நூலொன்றை வகுப்பில் விரித்து வைத்தால், பிள்ளைகள் எழுத்தினும் முந்தி ஓவியத்தையே படிக்கின்றனர். வாளின் வளைவையும் குதிரையின் பிடரியையும் விரலால் தொட்டுப் பார்க்கின்றனர். பின்னர் எழுவது ஒரு வினா: "ஐயா, இது மெய்யாகவே நடந்ததா?" கற்பிப்போருட் சிலர் இதனைக் குறுக்கீடெனக் கருதி அடக்கிவிடுகின்றனர். வரலாற்றறிவின் முதல் முளையே இவ்வினா என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய 'பொன்னியின் செல்வன்' இன்று படக்கதையாகவும் பிள்ளைகள் கைக்கு வந்துள்ளது. நந்தினியின் படத்தைக் கண்ட பிள்ளை, அவள் வாழ்ந்தவள் என்றே நம்புகின்றது. அவளோ கல்கியின் புனைவு. ஆயின், ஆதித்த கரிகாலன் கொலையுண்டது மெய். முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டு, அவனைக் கொன்ற இரண்டகராகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சுட்டுகின்றது. அவர்தம் உறவினர் நிலங்கள் பறிக்கப்பட்டமையையும் கூறுகின்றது. இவற்றைப் பிரித்துக் காட்டினால் கதையின் சுவை குன்றும் என அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் வேண்டா. கல்லில் உள்ளது எது, கதைஞர் நெஞ்சிற் பிறந்தது எது எனத் தேடிப் பிள்ளைகள் மீண்டும் முதற் பக்கத்திற்கே திரும்புவர்.

மற்றொரு வினாவும் உண்டு. கி.பி. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலை வரையும் ஓவியர், அரசனையே நடுவில் நிறுத்துவார். பிள்ளையோ மூலையிற் குனிந்து நிற்கும் ஆளைச் சுட்டி, "இவர் பெயர் என்ன?" எனக் கேட்கும். அக்கோயிற் கல்வெட்டுகள் குஞ்சரமல்லன் என்னும் பெருந்தச்சனின் பெயரைத் தாங்கி நிற்கின்றன; ஆடல்மகளிர் 400 பேரின் பெயர்களையும் காத்து வைத்துள்ளன. அரசரைப் போற்றும் படநூல்கள் இவர்களுக்கு ஒரு பக்கமேனும் ஒதுக்க வேண்டாவா?

பதிப்பிப்போரிடம் நாம் வேண்டுவது ஒன்றே. ஒவ்வொரு நூலின் இறுதியிலும், கல்வெட்டுச் செய்தி இது, புனைவு இது எனப் பிரித்து ஒரு பக்கம் அச்சிடுக. பொய்ப் பெருமை ஊட்டி வளர்த்த தமிழ்ப்பற்று முதல் மறுப்பிலேயே உதிர்ந்துபோகும். சான்றில் வேரூன்றியதோ எவர் வந்து உலுக்கினும் சாயாது.

ஆசிரியப் பெருமக்களே! பிள்ளை வினவும்போது நூலை மூடாதீர். கல்வெட்டைப் படித்துக் காட்டுமின்!