ஃபிரேமுக்குள் ஒரு வரி

வெள்ளிக் கோளின் மாட் மான்ஸ் எரிமலையை அறிவியல் படங்கள் எடுக்கும் நம் துறையில் பார்க்காதவர் இருக்க முடியாது. கறுத்த வானத்தின் கீழ், ஆரஞ்சு நிறத்தில் செங்குத்தாக எழுந்து நிற்கும் மலை. அதன் முன்னால் பளபளத்துப் பரந்து கிடக்கும் எரிகுழம்பு. மெகல்லன் விண்கலம் 1990 ஆகஸ்டில் வெள்ளியை அடைந்து ரேடாரால் திரட்டிய தரவுகளிலிருந்து நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் உருவாக்கிய காட்சி அது. வகுப்பறைப் படங்களிலும் கோளரங்கத் திரைகளிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த மலை அப்படி இல்லை. சுற்றியுள்ள சமவெளியிலிருந்து அதன் உயரம் சுமார் 5 கி.மீ.; அடிவாரத்தின் அகலமோ ஏறத்தாழ 400 கி.மீ. சராசரியாக 40 அடி நடந்தால் ஓர் அடி ஏறுவோம். வெளியான காட்சிகளில் உயரம் 22.5 மடங்கு வரை கூட்டப்பட்டிருந்தது. அதே 40 அடிக்கு, திரையில் 22 அடிக்கு மேல் ஏற்றம். கோள் அறிவியலாளர் டேவிட் மோரிசன் இதைப் பொறுக்காமல், ‘தட்டை வெள்ளிச் சங்கம்’ ஒன்று வேண்டும் என்று 1992-இல் எழுதினார்.

உயரத்தோடு முடியவில்லை. ரேடாருக்கு நிறம் தெரியாது. அந்த ஆரஞ்சு, 1982-இல் வெனேரா 13, 14 கலங்கள் தரையிலிருந்து அனுப்பிய படங்களை ஒட்டிப் பூசப்பட்டது. ரேடார் படத்தில் கரடுமுரடான தரை வெளிச்சமாகத் தெரியும், வழவழப்பான தரை இருட்டாகத் தெரியும். பளபளக்கும் அந்தக் குழம்பு சொல்வது ‘இங்கே பாறை சொரசொரப்பு’ என்பதை மட்டுமே. ஆறாத நெருப்பு ஓடுகிறது என்றுதான் மாணவர் நினைப்பார்; வேறு எப்படி நினைக்க முடியும்? அடர்ந்த மேகம் கோள் முழுவதையும் மூடியிருக்க, கறுத்த வானத்துக்கு இடமே இல்லை.

உயர்த்திக் காட்டியதை நான் தவறென்று சொல்லவில்லை. உயர்த்தாவிட்டால் அந்த நிலத்தின் மேடுபள்ளம் கண்ணுக்கே பிடிபடாது. எத்தனை மடங்கு என்பதையும் ஆய்வகம் படக்குறிப்பில் எழுதியே வெளியிட்டது. குறிப்பு காகிதத்தில் நின்றுவிட்டது, காட்சி மட்டும் ஊர் ஊராகப் போனது. நறுக்கி ஒட்டுவது நாம்தான். பத்து விநாடித் துண்டை எடுத்து, தமிழ்ப் பின்னணிக் குரல் சேர்த்து, இசையைக் கூட்டும்போது முதலில் உதிர்வது அந்த எண்.

ஆகவே அந்த எண் ஃபிரேமுக்குள்ளேயே இருக்கட்டும். ‘உயரம் 22.5 மடங்கு’ என்று ஒரு மூலையில், காட்சி ஓடும் வரை. இன்னும் நல்லது, முதல் சில விநாடிகள் உண்மைச் சரிவைக் காட்டிவிட்டு, பார்ப்பவர் கண்ணெதிரே மலையை உயர்த்துவது. எழுத்து விழுந்தால் காட்சியின் அழகு கெடும் என்று ஒளிப்பதிவாளர்களும் தொகுப்பாளர்களும் வருந்துவது எனக்குப் புரிகிறது. ஆனால் தட்டையான நிலம் மெல்ல எழுந்து மலையாவதைவிட அழகான தொடக்கம் அந்தப் படத்துக்கு வாய்க்குமா?

குரலிலும் இதே கவனம் வேண்டும். சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிய இடம் நிலவின் சுமார் 69 பாகைத் தென் அட்சம். துருவத்திலிருந்து 600 கி.மீ.க்கு மேல் தள்ளி. ‘தென் துருவத்தில் இறங்கியது’ என்ற வாக்கியத்தில் ‘அருகே’ என்ற சொல்லைச் சேர்த்தாலும் 600 கி.மீ. மறைந்துதான் போகும். தூரத்தையே சொல்லிவிடுங்கள், மாணவர்கள் அதைத் தாங்குவார்கள்.

அடுத்த இதழிலிருந்து நம் பட மதிப்புரைகளின் தலைப்பில், படத்தின் நீளத்தோடும் மொழியோடும் மூன்று விவரங்கள் கூடுதலாக வரும்: அளவு மாற்றப்பட்டதா, நிறம் எங்கிருந்து வந்தது, இவை இரண்டும் திரையிலேயே சொல்லப்பட்டனவா. மதிப்புரைக்குப் படம் அனுப்புவோர் இவற்றையும் எழுதி அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம்.