உங்கள் வீட்டுக்கு நீங்களே கொத்தனார்!

இரவு 10 மணி. வீடு அடங்கிவிட்டது. சமையல் அறையில் மட்டும் ஓர் ஓசை.

சொட்டு... சொட்டு... சொட்டு...

"ஏங்க, அந்தக் குழாயைப் பார்க்கக் கூடாதா?" என்று மனைவி கேட்கிறார்.

"ஞாயிற்றுக்கிழமை ஆளைக் கூப்பிடலாம்" என்கிறார் கணவர்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறது. ஆள் வரவில்லை. அடுத்த ஞாயிறும் போகிறது. குழாய் மட்டும் ஓயவில்லை.

நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால், ஒரு நாளைக்கு எத்தனை சொட்டு? 86 ஆயிரத்து 400! நம்பிக்கை இல்லையா? இன்று இரவு குழாயின் கீழே ஒரு பாத்திரத்தை வையுங்கள். விடிந்ததும் பாருங்கள். கோடையில் ஒரு குடம் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்களுக்கு, அந்தப் பாத்திரத்தின் மதிப்பு தெரியும்.

இதைச் சரிசெய்ய என்ன வேண்டும்? ஒரு சிறிய ரப்பர் வாசர். சில ரூபாய். பத்து நிமிட வேலை.

நம் வீட்டில் உண்டாகும் பழுதுகளில் பல, நாமே சரி செய்யக் கூடியவை. சில, நாம் தொடவே கூடாதவை. எது எந்த வகை என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். தெரிந்தால் பணம் மிஞ்சும். அதைவிடப் பெரிது, உயிர் மிஞ்சும்.

கை எப்போது நின்றது?

முன்பு கிராமத்தில் பொங்கல் வருகிறது என்றால், வீடே வேலை செய்யும். அப்பா கூரையைப் பார்ப்பார். அம்மா தரையை மெழுகுவார். அண்ணன் சுண்ணாம்பு அடிப்பான். சின்னப் பிள்ளைகள் தண்ணீர் சுமப்பார்கள். யாரும் ஆளுக்குக் காத்திருக்கவில்லை.

பிறகு சிமெண்டு வீடு வந்தது. குழாய் வந்தது. மின்சாரம் வந்தது. இவை எல்லாம் நல்லவையே. ஆனால், வீடு மாறியதோடு நம் கையும் நின்றுவிட்டது. ஓர் ஆணி அடிக்கவும் ஆளைத் தேடுகிறோம்.

"நமக்கு என்ன தெரியும்?" என்று சிலர் கேட்கலாம். சைக்கிள் ஓட்டப் பிறக்கும்போதே தெரிந்ததா? விழுந்து எழுந்துதானே கற்றோம்!

முதலில் ஒரு தகரப் பெட்டி எடுங்கள். அதில் ஒரு சுத்தியல், ஒரு திருப்புளி, ஒரு ஸ்பேனர், ஒரு குறடு, ஓர் உளி, ஒரு கொத்துக் கரண்டி, ஒரு பிரஷ், ஒரு சுருள் டெஃப்ளான் டேப் இவற்றைப் போட்டு வையுங்கள். ஒரே நாளில் எல்லாம் வாங்க வேண்டியது இல்லை. மாதம் ஒன்றாக வாங்கலாம்.

குழாயில் தொடங்குங்கள்

முதலில் குழாய்க்கு வரும் தண்ணீரை நிறுத்துங்கள். மாடித் தொட்டியில் இருந்து வரும் வழியில் ஒரு வால்வு இருக்கும். அதை மூடுங்கள். குழாயைத் திறந்து, மிச்சம் உள்ள தண்ணீரை வடிய விடுங்கள்.

பிறகு குழாயின் தலைப் பகுதியை ஸ்பேனரால் திருகிக் கழற்றுங்கள். உள்ளே தேய்ந்துபோன வாசர் இருக்கும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். "இதே அளவில் ஒன்று கொடுங்கள்" என்று கேளுங்கள். அளவு தெரியவில்லையே என்ற கவலை வேண்டாம். பழையதே அளவு.

புதிய வாசரைப் போட்டுத் தலையை மாட்டுங்கள். அளவாக இறுக்குங்கள். பலம் முழுவதும் காட்டினால் மரை கெட்டுவிடும்.

கால் சுற்றில் திறக்கும் புதுவகைக் குழாயில் இந்த வாசர் இருக்காது. அதில் உள்ளே இருக்கும் ஸ்பிண்டிலையே மாற்ற வேண்டும். அதையும் கழற்றிக் கொண்டுபோய்க் காட்டி வாங்கலாம்.

குழாய் சுவரோடு சேரும் இடத்தில் கசிகிறதா? குழாயைக் கழற்றி, மரையில் டெஃப்ளான் டேப்பைச் சுற்றுங்கள். மரை உள்ள முனையை உங்களைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால், குழாயைத் திருகும்போது டேப் பிரிந்துவிடும்.

மழைக்கு முன்னே மாடிக்கு ஏறுங்கள்

தமிழ்நாட்டுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. கூரை ஒழுகுவதும் அப்போதுதான். ஒழுகும்போது ஆளைத் தேடினால் ஊர் முழுவதும் அதே ஆளைத்தான் தேடிக்கொண்டிருக்கும்!

ஆகவே, ஆவணி, புரட்டாசி வெயிலிலேயே மொட்டை மாடிக்கு ஏறுங்கள்.

முதலில் கூட்டுங்கள். மழைத் தண்ணீர் இறங்கும் குழாயின் வாயில் இலையும் மண்ணும் அடைத்திருக்கும். அதை அள்ளிப் போடுங்கள். கூரை ஒழுகுவதற்குப் பல வீடுகளில் இந்த அடைப்பே காரணம். தேங்கிய தண்ணீர் வழி தேடும். கிடைத்த இடத்தில் இறங்கும்.

கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா? இன்றே வேரோடு பிடுங்குங்கள். இன்று அது விரல் அளவு. விட்டால் அதன் வேர் சுவரைப் பிளந்துவிடும்.

அடுத்து, நாலு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். எந்தப் பக்கம் ஓடுகிறது? எங்கே தேங்குகிறது? அந்த இடத்தைச் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டு வையுங்கள். காய்ந்த பிறகு அங்கே குனிந்து பாருங்கள். வெடிப்பு தெரியும்.

வெடிப்பின் வாயை உளியால் சற்று அகலப்படுத்துங்கள். தூசியைத் துடைத்துவிட்டுத் தண்ணீர் தெளியுங்கள். சிமெண்டு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு கலந்து கொள்ளுங்கள். நீர்க்கசிவைத் தடுக்கும் திரவம் கடையில் கிடைக்கிறது. டப்பாவில் போட்டுள்ள அளவுப்படி அதையும் சேருங்கள். கரண்டியால் அழுத்திப் பூசுங்கள்.

அதோடு வேலை முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். பூசிய இடத்தில் ஈரச் சாக்கைப் போட்டு, 7 நாள் ஈரம் காயாமல் பார்த்துக் கொள்ளுங்கள். சிமெண்டு காய்ந்து இறுகுவது இல்லை. தண்ணீரைக் குடித்து இறுகுகிறது. தண்ணீர் காட்டாத பூச்சு மறுபடியும் வெடிக்கும்.

ஆனால், வீட்டுக்குள் கூரையில் இருந்து காரை பெயர்ந்து, உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துத் தெரிகிறதா? அது நம் கரண்டிக்கு அடங்கும் வேலை அல்ல. துருப்பிடித்த கம்பி பருத்து, காரையைத் தள்ளுகிறது. அதன் மேல் பூசி மறைப்பது, புண்ணை மூடித் துணி போர்த்துவதைப் போன்றது. கட்டடப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள்.

மாடித் தண்ணீர் எங்கே போகிறது என்றும் பாருங்கள். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் 2003-ம் ஆண்டு கட்டாயம் ஆக்கப்பட்டது. தொட்டி கட்டினோம். பிறகு மறந்துவிட்டோம். அதில் உள்ள கூழாங்கல்லும் மணலும் சேறு படிந்து அடைத்திருக்கும். அவற்றை எடுத்துக் கழுவிப் போடுங்கள். இது பிள்ளைகளும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை.

சுண்ணாம்பு சுடும்!

வெள்ளை அடிப்பது சிக்கனமான வேலை. வீட்டுக்கு ஒளியைத் தரும் வேலை. ஆனால், சுண்ணாம்பு விளையாட்டுப் பொருள் அல்ல.

நீறாத சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதிக்கும். ஆகவே, தொட்டியில் முதலில் தண்ணீரை ஊற்றிவிட்டு, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். பிளாஸ்டிக் வாளி வேண்டாம். தலையை நீட்டி எட்டிப் பார்க்காதீர்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். சிறு பிள்ளைகள் பக்கத்தில் வரக் கூடாது.

ஒரு நாள் முழுவதும் ஊறட்டும். பிறகு துணியில் வடிகட்டுங்கள். ஒட்டுவதற்குப் பசையும், வெண்மைக்குக் கொஞ்சம் நீலமும் சேருங்கள். சுவரைத் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டு அடியுங்கள். ஒரே தடவையில் கனமாக அடிப்பதைவிட, மெல்லியதாக இரண்டு அல்லது மூன்று தடவை அடிப்பதே நிற்கும்.

கண்ணில் சுண்ணாம்பு தெறித்தால் கசக்கக் கூடாது. உடனே ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவுங்கள். பிறகு ஆசுபத்திரிக்கு ஓடுங்கள். "நாளைக்குப் பார்க்கலாம்" என்றால் பார்வையே போகலாம்.

கதவுக்கும் கம்பிக்கும் பெயிண்டு அடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய பெயிண்டுகளில் ஈயம் இருந்திருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி செய்தது. 2017 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்த்தால், தூசி பறக்கும். அந்த ஈயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆகவே, ஈரமாக்கித் தேய்த்து, ஈரத் துணியால் துடையுங்கள். வேலை முடியும்வரை குழந்தைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள்.

ஏணியை எப்படிச் சாய்ப்பது? நாலு அடி உயரத்துக்கு ஓர் அடி தள்ளி ஏணியின் கால் இருக்க வேண்டும். கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். நாற்காலி மேல் ஸ்டூல் போட்டு ஏறுவது வீரம் அல்ல.

தொடாதே! இறங்காதே!

இனிச் சொல்லப் போவதை, தயவுசெய்து வீட்டில் உள்ள எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

ஒன்று: மின்சாரம். பல்பு மாற்றலாம். அதையும் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். சுவருக்குள் ஓடும் கம்பி, மெயின் பெட்டி, தண்ணீர் மோட்டார் இவற்றைத் தொடாதீர்கள். உரிமம் பெற்ற மின் பணியாளரை அழையுங்கள். பியூஸ் போகிறதே என்று தடித்த கம்பியைச் சுற்றாதீர்கள். துணி காயப்போடும் கம்பியை மின் கம்பத்திலோ, மின்சாரம் வரும் இரும்புக் குழாயிலோ கட்டாதீர்கள். மழைக் காலத்தில் அந்தக் கொடியே எமன் ஆகிவிடும்.

மெயின் பெட்டியில், கசியும் மின்சாரத்தைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் உயிர்காக்கும் சுவிட்சு ஒன்று இருக்கிறதா? ஆர்.சி.சி.பி. என்பார்கள். 30 மில்லி ஆம்பியர் என்று அதில் போட்டிருக்கும். இல்லை என்றால், மற்ற அலங்காரச் செலவை நிறுத்திவிட்டு முதலில் அதைப் போடச் சொல்லுங்கள். இருந்தால், அதில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். மின்சாரம் நின்றால் அது உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

இரண்டு: ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அது ஆள் எடையைத் தாங்காது. பூனை நடக்கிறதே என்று நாமும் நடந்தால், உடைந்து உள்ளே விழுவோம். அதை அறுத்தாலோ துளை போட்டாலோ எழும் தூசி, நுரையீரலுக்குக் கேடு.

மூன்று: கழிவுநீர்த் தொட்டி. மூடியைத் திறந்து வைத்துவிட்டால் விஷ வாயு போய்விடும் என்று எண்ணுகிறார்கள். போகாது. அது அடியிலேயே தங்கி நிற்கும். சேற்றைக் கிளறினால் மேலும் வரும். இறங்கியவர் மயங்கி விழுவார். காப்பாற்ற இறங்கியவரும் விழுவார். இப்படி ஒருவர் பின் ஒருவராக உயிர்விட்ட செய்திகளை நாம் எத்தனை தடவை படித்திருக்கிறோம்!

"நான் இறங்கவில்லை. ஆளைத்தானே இறக்குகிறேன்" என்று சிலர் சொல்கிறார்கள். இது அதைவிடப் பெரிய பாவம். கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்பு இன்றி ஆளை இறக்குவது, 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. பணம் எத்தனை கொடுத்தாலும், போன அப்பா அந்தப் பிள்ளைகளுக்குத் திரும்பி வருவாரா?

கழிவுநீர் லாரியை அழையுங்கள். இயந்திரம் உறிஞ்சட்டும். மனிதன் இறங்க வேண்டாம்.

மகளிடமும் ஸ்பேனரைக் கொடுங்கள்

இந்த வேலைகளை அப்பாவும் பையனும் மட்டும் செய்தால் போதாது. மகளிடமும் ஸ்பேனரைக் கொடுங்கள். வால்வு எங்கே இருக்கிறது, மெயின் சுவிட்சை எப்படி அணைப்பது என்பதைப் பாட்டியும் அறிந்திருக்க வேண்டும். பழுது, ஆண் பிள்ளை வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து வருவது இல்லை!

இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு நாள் நீங்களே ஏணி ஏறி, ஒரு சுவருக்கு வெள்ளை அடித்துப் பாருங்கள். மாலையில் தோள் வலிக்கும். கழுத்து திரும்பாது. அடுத்த தடவை கொத்தனாரோ சித்தாளோ கூலி கேட்கும்போது, "இந்த வேலைக்கா இவ்வளவு?" என்று கேட்க உங்கள் வாய் வராது. உழைத்த கைக்குத்தான் உழைப்பின் விலை தெரியும்.

நம்மால் முடிந்ததை நாமே செய்வோம். முடியாததற்கு, தெரிந்தவரை அழைத்து, நியாயமான கூலி கொடுப்போம். யார் உயிரையும் விலையாகக் கொடுத்து நம் வீட்டைச் சீர்படுத்த மாட்டோம் என்று முடிவு செய்வோம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை.

உங்கள் வீட்டுக் குழாய் சொட்டுகிறதா?

பத்திரிகையைக் கீழே வையுங்கள். ஸ்பேனரைக் கையில் எடுங்கள்!