கை படாத கலைச்சொற்கள்

பிராசசருக்குச் 'செயலி' என்று நாம் பெயர் வைத்தோம். பின்னர் அச்சொல் கைபேசிக்குக் குடிபெயர்ந்து 'ஆப்' என்பதைக் குறிக்கலாயிற்று. இது குறித்து எங்கள் குழுவில் நடந்த சண்டைகளுக்குக் கணக்கில்லை. ஆனால் அப்பொருளை எங்களில் ஒருவரும் கையால் தொட்டதில்லை என்பது அண்மையில்தான் உறைத்தது.

பழைய சிற்றிதழ்ப் பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் எங்கள் சர்வர் திணறத் தொடங்கியது. அதிலிருந்தது 2012இல் வெளிவந்த இன்டெல் ஸியான் ஈ5-2620. ஆறு கோர்கள், 95 வாட். அதே சாக்கெட்டில் பொருந்தும், 2013இல் வந்த ஈ5-2690 வி2ஐப் பழைய பொருளாக வாங்கினோம். பத்து கோர்கள், 130 வாட். வெப்பம் கூடுமாதலால் ஹீட் சிங்க்கும் பெரிதாக வேண்டியிருந்தது.

வேலையை ஒரு கடையில் ஒப்படைத்தோம். சாக்கெட்டின் ஊசிகள் சில வளைந்து திரும்பி வந்தது. இவ்வகையில் 2011 ஊசிகளும் மதர்போர்டில்தான் இருக்கின்றன. செயலியின் அடியில் தட்டையான தொடுபுள்ளிகள் மட்டுமே. சற்றுச் சாய்த்து இறக்கினாலும் போயிற்று. உருப்பெருக்கியின் கீழ் அவற்றை நிமிர்த்த ஓர் இரவு முழுதும் ஆனது. பிறகு நாங்களே செய்வதென்று முடிவெடுத்தோம்.

நல்லவேளை, பழைய செயலி இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்திருந்தோம். பழைய பயாஸுக்குப் புதியது அடையாளம் தெரியாது. மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டிக்கொண்டோம். நிலைமின்சாரம் ஏறத்தாழ 3000 வோல்ட்டை எட்டினால்தான் நம் தோல் உணரும். சில்லு பழுதாக 100 வோல்ட்கூட வேண்டியதில்லை. ஒட்டியிருந்த பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தோம். புதிய பேஸ்ட் பட்டாணியளவு போதும். உலோகமும் உலோகமும் தொடவேண்டும்; கண்ணுக்குத் தெரியாத இடுக்குகளில் நிற்கும் காற்றை வெளியேற்றுவது மட்டுமே பேஸ்ட்டின் வேலை. அள்ளிப் பூசினால் அதுவே தடையாகும். ஹீட் சிங்க்கின் நான்கு திருகுகளையும் மூலைக்கு மூலை மாற்றி, சிறிது சிறிதாக இறுக்கவேண்டும். ஒன்றை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் அழுத்தம் ஒருபக்கம் சாய்ந்துவிடும்.

'வெப்பக் கடத்திப் பசை' என்று பட்டியலில் எழுதிய நாம், அது எவ்வளவு போதும் என்று எங்காவது எழுதினோமா? இறக்கு, அமர்த்து, வழி, துடை, முடுக்கு: இந்த வேலைக்குத் தேவையான வினைகள் அத்தனையும் தமிழில் முன்பே இருக்கின்றன. ஹீட் சிங்க் ஹீட் சிங்க்காகவே இருந்துவிட்டுப் போகட்டும். (தனித்தமிழ் நண்பர்கள் மன்னிக்க.) பெயர்ச்சொல் காய்ச்சுவதைச் சில காலம் நிறுத்திவிட்டு, செய்முறைகளை முழு வாக்கியங்களில் எழுதுவோம் என்பதே எங்கள் கோரிக்கை. எங்கள் குழு கலைச்சொல் பற்றி எழுதியவை ஏராளம். செய்முறை என்று ஒன்றுகூட இல்லை.

சர்வர் இப்போது ஓடுகிறது. ஓர் ஊசி மட்டும் சரியாக நிமிரவில்லை போலும்; நான்கு நினைவக வரிசைகளில் ஒன்றை அது இன்னும் காண மறுக்கிறது.